டைனருக்கு யாரும் கூப்பிடவில்லை

அமெரிக்கப் பள்ளியில் மாணவர் மன்றம் என்பது, முந்நூறு பேர் சந்தோஷமாக இருப்பதற்காகப் பத்துப் பேர் நாற்காலி தூக்குகிற தொழில். சம்பளம் கிடையாது. கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான். எந்தச் சங்கத்திலாவது, எந்தக் குடியிருப்பிலாவது செயலாளராக மாட்டிக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மேசை விரிப்பைச் சுருட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, ஈரோட்டிலிருந்து பிஸ்கட்டவேக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பதினைந்து வயது. பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மூன்று வருடம் அங்கே படித்தேன். மூன்று வருடமும் எங்கள் பேட்ச்சின் மாணவர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். அந்த மூன்று வருடத்தில் நான் மனசார ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. பள்ளிக்கு எதிரே இருந்த டைனர் ஹோட்டலுக்கு யாராவது என்னை ஒருமுறை கூப்பிட வேண்டும்.

(மற்றவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் எல்லோரும் தமிழில்தான் பேசுகிறார்கள்.)

எழுந்து நின்றதில் வந்த பதவி

புதிதாக வந்த பிள்ளைக்கு, மதியச் சாப்பாட்டு ஹாலில் எங்கே உட்காருவது என்பது கணக்குப் பரீட்சையைவிடக் கஷ்டம். எல்லா மேசையும் யாரோ ஒருவருடைய மேசை. தட்டை வைத்துக்கொண்டு நடுவில் நிற்பதற்குப் பயந்து, முதல் இரண்டு வாரம் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் அந்தப் படிக்கட்டுச் சுவரிலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மாணவர் மன்றக் கூட்டம், பீட்சா உண்டு, எல்லோரும் வரலாம். நேரில் வந்து கூப்பிடாத இடத்துக்குப் போவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று ஒருநாள் மீறினேன். பீட்சா வாசனைதான் காரணம்.

கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மன்றத்துக்குப் பொறுப்பான ஆசிரியை மிசஸ் பார்க்கர், "செயலாளராக இருக்க யாருக்கு விருப்பம்?" என்று கேட்டார். எல்லோரும் அவரவர் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். சரியாக அந்த நிமிஷம் பார்த்து, ஒரு துண்டு பீட்சா எடுத்துக்கொள்ள பிரின்சிபால் உள்ளே வந்தார். ஈரோட்டில் தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்தால் என்ன செய்வோம்? செய்தேன். அறை முழுக்க நான் ஒருத்தி மட்டும் விறைப்பாக எழுந்து நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் பிரின்சிபாலும் தட்டினார். மிசஸ் பார்க்கர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு ஆர்வம் பாருங்க!"

இரண்டு தட்டு

முதல் விழா, ஃபுட்பால் சீசன் தொடங்குவதற்காகப் பள்ளியே ஜிம்மில் கூடிக் கத்துகிற நாள். எதற்குக் கத்துகிறோம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. உதடு மரத்துப்போகும் வரை பலூன் ஊதினேன், ஏணியில் ஏறிக் கலர்க் காகிதம் கட்டினேன். பிற்பகல் மூன்று மணிக்கு ஜிம் காலியானதும் துடைப்பத்தை எடுத்தேன். அப்போது எங்கள் தலைவன் கெவின், நீச்சல் டீமில் இருக்கிற நெட்டைப் பையன், மேசையில் டக் டக்கென்று இரண்டு தட்டு தட்டி, யாரையும் பார்க்காமல், விட்டத்தைப் பார்த்து "டைனர்" என்றான். மற்ற எட்டுப் பேரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள்.

எவர்சில்வர் தகடு போர்த்திய நீள ஹோட்டல் அது. எந்த நேரத்தில் போனாலும் முட்டையும் பான்கேக்கும் கிடைக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் போகிற வழி அதன் ஜன்னலை ஒட்டித்தான். பெரிய மேசையைச் சுற்றி ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பையெல்லாம் வைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன்.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் சொந்தப் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. பத்திரிகை தபாலில் வந்தது, ஆள் வரவில்லை என்பதுதான் காரணம். நேரில் வந்து, முகத்தைப் பார்த்து, "அவசியம் வந்துரோணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. விட்டத்தைப் பார்த்துச் சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஊரில் தெருவே கூப்பிட்டுப் பேசுகிற அம்மா, இங்கே பகல் முழுக்க ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் யோசிக்கவே இல்லை. "கூப்புடாத எடத்துல போயி நின்னா நம்மள என்னன்னு நெனைப்பாங்க, கண்ணு?"

செயலாளர் அனுப்பிய பூ

பிப்ரவரியில் காதலர் தினப் பூ விநியோகம். யாருக்கு வேண்டுமானாலும் பெயர் எழுதி ஒரு கார்னேஷன் பூ அனுப்பலாம். காதலுக்குச் சிவப்பு, சிநேகிதத்துக்கு வெள்ளை. சீட்டைப் பார்த்து வகுப்பு வாரியாகப் பிரித்து வாளிகளில் போடுவது செயலாளர் வேலை. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒவ்வொரு சீட்டையும் படித்தேன். பிரிப்பதற்காக மட்டும் படித்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என் பெயர் ஒன்றிலாவது இருக்காதா என்று பார்த்தேன். கெவினுக்குப் பதினான்கு. துணைத்தலைவி டேனாவுக்குப் பதினொன்று. தரை துடைக்கிறவருக்குக்கூட இரண்டு. கடைசி வாளி வரை பார்த்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

நான் ஒன்பது அனுப்பியிருந்தேன். மன்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைப் பூ. அடியில் வெறும் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாமா என்று சந்தேகம். அதனால் எல்லாச் சீட்டிலும் அழகான கையெழுத்தில் "இப்படிக்கு, செயலாளர், மாணவர் மன்றம்" என்று எழுதிவைத்தேன். மதியம் டேனா அந்தப் பூவைக் காதில் செருகிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அவள் சொன்னாள்: "மன்றத்துலேருந்தே எல்லாருக்கும் பூ அனுப்பியிருக்காங்க, பாத்தியா? மிசஸ் பார்க்கர் எவ்வளவு நல்லவங்க!"

பரவாயில்லை

ஒருமுறை கூப்பிட்டார்கள். மறைக்கக் கூடாது. பதினொன்றாவது படிக்கும்போது, ரத்ததான முகாம் முடிந்து கட்டில்களை மடக்கிக்கொண்டிருந்தோம். கெவின் இரண்டு தட்டு தட்டிவிட்டு, வாசல் வரை போனவன் திரும்பி என்னைப் பார்த்து, என்னைத்தான் பார்த்து, "நீயும் வரியா?" என்றான்.

வருடக் கணக்கில் காத்திருந்த கேள்வி. என் வாயிலிருந்து வந்த பதில் "பரவாயில்லை." நம்மில் யாராவது முதல் கேள்விக்கே சரி என்று சொல்லியிருக்கிறோமா? காபி சாப்பிடுறீங்களா என்றால் இப்பத்தான் குடிச்சேன் என்கிறோம். அவர்கள் அதெல்லாம் முடியாது, உட்காருங்க என்கிறார்கள். அப்புறம் அரை டம்ளர் போதும் என்கிறோம். மூன்று முறை வற்புறுத்தினால்தானே அது மரியாதை? கையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்காக நின்றேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கெவின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "ஓகே, கூல்."

மிளகாய்ப் பொடி

அந்த வசந்தத்தில் பன்னாட்டு விழா. ஆளாளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு தேசம். இந்திய மேசை என் தலையில் விழுந்தது. மிசஸ் பார்க்கரே வீட்டுக்கு ஃபோன் பண்ணி அம்மாவைக் கூப்பிட்டார். டீச்சர் வாயால் கூப்பிட்டது நேரில் வந்து கூப்பிட்டதற்குச் சமம் என்று அம்மா தீர்ப்பு சொல்லி, பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள். இந்த ஊருக்கு வந்து அவளுக்குக் கிடைத்த முதல் அழைப்பு அதுதான். விடியற்காலையில் எழுந்து எட்டு ஈடு இட்லி ஊற்றினாள். கெவின் மிளகாய்ப் பொடியைப் பார்த்துவிட்டு, ஏதோ இனிப்பு என்று நினைத்து ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அம்மா பதறிப்போய் அவன் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். அவ்வளவு சிரித்து அவளை நான் அமெரிக்காவில் பார்த்ததில்லை.

விழா முடிந்தது. இரண்டு தட்டு. ஒன்பது பேரும் சாலையைத் தாண்டிப் போவதை இட்லிப் பாத்திரத்தை மூடியபடி அம்மா பார்த்தாள். டேனா மட்டும் போகும்போது அம்மாவிடம், "செல்வி எப்பவும் வேலைலயே இருக்கா, எங்களுக்கு அவகிட்டப் பேசவே நேரம் கிடைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு டைனர் ஜன்னலைத் தாண்டும்போது அம்மா கேட்டாள்: "இத்தன வேல பண்றியே, உன்னையக் கூப்புட மாட்டாங்களா, அம்மிணி?"

படத்தில் இல்லாதவர்

ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வந்த போட்டோகிராபர், முன்வரிசையில் இன்னொரு நாற்காலி வேண்டும் என்றார். நாற்காலி என்றால் யார்? ஓடினேன். ஸ்டோர் ரூம் சாவி காவலாளியிடம் இருந்தது, காவலாளி மூன்றாவது மாடியில் இருந்தார். நாற்காலியோடு திரும்பி வந்தபோது போட்டோகிராபர் அடுத்த குழுவை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். மலர் வந்தது. ஒன்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அடியில் சின்ன எழுத்தில், "படத்தில் இல்லாதவர்: செல்வி." இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ! இல்லை என்று சும்மா விட்டாலும் தேவலை, இல்லை என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

அப்பாவிடம் காட்டினேன். ஆபீஸில் அவருக்கே ஆறு மாதத்துக்கு ஒரு புது மேசை, புது மேனேஜர். யாருக்கும் அவர் பெயர் முழுசாகத் தெரியாது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார். "பேரு போட்டிருக்கான் பாரு, அதுவே பெருசு."

நாலு மூலையிலும் மஞ்சள்

பன்னிரண்டாவதில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் படிக்கட்டுக்கு அடியில் வேறு யாரோ உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். புதியவர்களை வரவேற்கிற விழாவுக்கு வழக்கம்போல நோட்டீஸ் ஒட்டலாம் என்றார் மிசஸ் பார்க்கர். முடியாது என்றேன். நான் அவரிடம் முடியாது என்று சொன்னது அந்த ஒரு முறைதான். இருபத்திரண்டு அட்டை அச்சடித்து, வீட்டில் வைத்து ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒவ்வொரு வகுப்பாகப் போய், பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்து, "அவசியம் வர வேண்டும்" என்று கொடுத்தேன். அட்டையைப் பார்த்த மிசஸ் பார்க்கர், எல்லாவற்றிலும் மஞ்சளாகக் கடுகு சாஸ் சிந்தியிருக்கிறதே, திரும்ப அச்சடிக்கலாமா என்று கவலைப்பட்டார். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். ஒரு பையன் அப்பா, அம்மா, கைக்குழந்தைத் தங்கையோடு வந்தான். அவன்தான் அழைப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவன்.

போலந்திலிருந்து வந்த மார்த்தா என்ற பெண், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்துபோனதாகச் சொன்னாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. விழா முடிந்தது, இரண்டு தட்டு. நான் துடைப்பத்தோடு திரும்பிப் பார்த்தால், ஒன்பது பேருக்கு நடுவில் மார்த்தாவின் சிவப்பு கோட்டும் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அவளைத் தனியாகப் பிடித்து, உன்னை யார் கூப்பிட்டது, எப்போது கூப்பிட்டார்கள் என்று போலீஸ்போல விசாரித்தேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரும் கூப்பிடல. எல்லாரும் போனாங்க, நானும் போனேன்."

கடைசி நாற்காலி

மார்த்தாவை வெட்கமில்லாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மீதி வருடத்தை ஓட்டினேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். ஜூன் வந்தது. அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்து, அடுத்த வேலை சான் ஹோசேயில். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். எங்கள் பேட்ச்சின் கடைசி நிகழ்ச்சி, புல்வெளியில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற காலை உணவு. அதுவும் முடிந்தது. கெவின் கடைசியாக இரண்டு தட்டு தட்டினான். எல்லோரும் போனார்கள். நான் நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன். எவ்வளவு நாற்காலி மடக்கியிருப்பேன் அந்த மூன்று வருடத்தில்! அன்று அழுகை வந்தது. யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

மறந்துபோன கூலிங் கிளாஸை எடுக்க டேனா திரும்பி வந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? எங்களை உனக்குப் பிடிக்காதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க யாரும் என்னைக் கூப்பிடவே இல்லையே" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "யாரும் யாரையும் கூப்பிட்டதில்லையே, செல்வி. கெவின் தட்டுவான், போவோம். முதல் ரெண்டு வருஷமும் பத்துப் பேருக்குத்தான் டேபிள் கேட்டோம். நீ ஜன்னலைத் தாண்டிப் போறப்ப உள்ளேருந்து கையாட்டுவோம். நீ நிமிர்ந்தே பாக்க மாட்டே. அப்புறம் உனக்கு இஷ்டமில்லைன்னு விட்டுட்டோம்." கூலிங் கிளாஸை எடுத்துக்கொண்டு, "வா" என்றாள். பரவாயில்லை என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினேன்.

உள்ளே மேசை நிறைந்திருந்தது. பத்தாவது நாற்காலியில் மார்த்தா இருந்தாள். எனக்கு இடமில்லை. கொண்டையில் பென்சில் செருகிய பருத்த வெயிட்ரஸ் பெண்மணி ஒருவர், பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்கு வேறொருவர் நாற்காலி போட்டார். "இதுதான் எங்க செயலாளர், செல்வி" என்றாள் டேனா. அந்த அம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீதானா அது? ரெண்டு வருஷமா உன் இடத்துல தண்ணி ஊத்தி ஊத்தி வெச்சேன், ஒருநாள்கூட வந்து குடிக்கலையே!"

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்தில் யார் மேசையைத் தட்டினாலும், எங்கே என்று கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறேன். பாதி நாள் அவர்கள் கை கழுவத்தான் போகிறார்கள்.